வந்தவன் மீதா பழி? வரவழைத்தவன் மீதா?

சம்பளம் போட்ட மறுநாள் மாலை. புக்கிட் ரம்பாய்ச் சாலையோரத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில் நாம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் ஒரு வாதம் சூடுபிடித்தது. தொழிற்பேட்டையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் மேசையைத் தட்டிச் சொன்னார்: "பெரியப்பா, இந்தப் பங்களாக்காரனுங்களும் நேப்பாளிங்களும் வந்துதான் நம்ம ஓவர்டைம் போச்சு. போன வருசம் வரைக்கும் ஞாயித்துக்கிழமை வேலை எனக்கு. இந்த வருசம் அவனுக்கு. இவனுங்களைக் கப்பலேத்தி அனுப்பினாத்தான் நம்ம பொழப்பு உருப்படும்."

எதிரே இருந்தவர் பால்வெட்டிலே நாற்பது ஆண்டு கழித்த பெரியவர். சிறிது நேரம் அவர் வாய் திறக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, கப்பலேத்துறதப் பத்தி எங்கிட்டப் பேசாதே. எங்கண்ணனை 1970ல கப்பலேத்தி விட்டவன் நான். அப்பவும் இதே பேச்சுத்தான் பேசினாங்க."

இளைஞர் அடங்கிவிட்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வி அடங்கவில்லை, அடங்கவும் கூடாது. அது வயிற்றிலிருந்து வந்த கேள்வி. அதை "வெறும் துவேஷம்" என்று ஒதுக்கிவிடுவது, ஓவர்டைம் பணத்தை நம்பிச் சீட்டுக் கட்டும் குடும்பத்தின் கஷ்டத்தை அறியாதவர் செய்யும் காரியம். அதே சமயம் பெரியவர் சொன்ன ஒரு வாக்கியத்தில் நம் இனத்தின் நூறாண்டுச் சரித்திரமே அடங்கியிருக்கிறது. ஒரே மேசையில் எழுந்த இந்த இரண்டு பேச்சையும் சேர்த்து வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் எப்படி வந்தோம்?

ரப்பரின் கதை நம் மலாக்காவில் தொடங்கியது. 1896ம் ஆண்டளவில் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர், இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க புக்கிட் லிண்டாங்கில் ரப்பர்க் கன்றுகளை வாணிபத்துக்காக நட்டார். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டம் என்று அதையே சொல்கிறார்கள். பின்னர் அவரே புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் கண்டார். மரம் வளர்ந்தது, பால் எடுக்க ஆள் வேண்டுமே! ஆள் எங்கிருந்து வந்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய படங்கள் சொல்லும்.

முதலில் சஞ்சிக்கூலி முறை. கடனையும் கைநாட்டையும் காட்டிக் கட்டிப்போட்ட அந்த முறை 1910ல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கங்காணி முறை. துரை கொடுத்த பணத்தோடு ஊருக்குப் போன கங்காணி, தன் கிராமத்திலேயே, தன் உறவுக்குள்ளேயே ஆள் பிடித்தான். கூட்டி வந்த ஒவ்வொருவரும் வேலைக்கு இறங்கிய நாளெல்லாம் அவனுக்குத் தலைக்காசு. 1907ல் சர்க்கார் ஒரு குடியேற்ற நிதியை ஏற்படுத்தியது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்த ஒவ்வொரு தோட்டமும் அதற்குப் பணம் கட்ட வேண்டும்; அந்தப் பணத்தில்தான் நாகப்பட்டினத்திலிருந்து நம்மவருக்குக் கப்பல் டிக்கெட். "இலவசப் பயணம்" என்றார்கள். இலவசம் யாருக்கு? வேண்டிய ஆளுக்கு மேலாகவே ஆள் வந்து இறங்கிக்கொண்டிருந்தால் கூலி ஏறாது என்பதைத் தோட்ட முதலாளிமார் நன்றாக அறிந்திருந்தார்கள்.

கிராணிமாரும் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத கதையென்று எண்ண வேண்டாம். செக்ரோல் எழுதவும் கணக்குப் பார்க்கவும் ஆங்கிலம் படித்த ஆள் தேவைப்பட்டபோது, யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் ஆள் வரவழைக்கப்பட்டது. உளி பிடித்தவனும் வந்தவன்தான். பேனா பிடித்தவனும் வந்தவன்தான்.

வந்தவர்களை எப்படி நடத்தினார்கள்? 1920களின் இறுதியில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்களுக்கு 40 காசும் என்று கூலி நிர்ணயமாயிற்று. 1930ல் உலகமெங்கும் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது. விலை விழுந்ததும் கூலியும் விழுந்தது. இரண்டு ஆண்டுக்குள் கூலி ஏறத்தாழப் பாதிக்கு இறங்கிவிட்டது. வேலையில்லாதவர்களை லட்சக் கணக்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மந்தம் தெளிந்து ரப்பர் விலை ஏறியதும் மறுபடி ஆள் பிடிக்கப் போனார்கள்! வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடுகிற தண்ணீர்க் குழாயாகவே நம்மை எண்ணினார்கள். 1938ல் முதலாளிமார் மறுபடி கூலியைக் குறைத்தபோதுதான், இந்திய சர்க்கார் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் உதவிப் பயணத்தில் தொழிலாளர் வருவதைத் தடை செய்தது.

இதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1941ல், கிள்ளான் வட்டாரத்தில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது என்ன? சீனத் தொழிலாளி வாங்கும் கூலி எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கமாட்டோம் என்றார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, ஐந்து தொழிலாளர் மாண்டனர். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அவர்கள் "சீனரை வெளியேற்று" என்று கேட்கவில்லை. "சீனருக்குக் கொடுப்பதை எங்களுக்கும் கொடு" என்றே கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டு கோரிக்கைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

சிவப்பு அடையாளக் கார்டு

பெரியவரின் அண்ணன் கதைக்கு வருவோம். 1957ல் மெர்டேக்கா வந்தது. குடியுரிமைக்கு மனுப்போட்டவர்கள் பிரஜைகளானார்கள். ஆனால் படிப்பறிவில்லாமல், சொல்வார் இல்லாமல், "நாம் இங்கேதானே இருக்கிறோம், காகிதம் எதற்கு?" என்று சும்மா இருந்துவிட்டவர்களும் பலர். அவர்கள் கையில் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. 1968ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிரஜையல்லாதவன் வேலை பார்க்க வேண்டுமானால் பெர்மிட் வேண்டும் என்றது. 1969ம் ஆண்டு மே மாதக் கலவரத்துக்குப் பிறகு அந்தச் சட்டம் இறுக்கமாக அமலாயிற்று. ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இருபது முப்பது ஆண்டு ஒரே தோட்டத்தில் நிரை பிடித்துப் பால் வெட்டியவர்கள், தங்கள் கையால் நட்ட மரத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"அந்நியர் போனால் நாட்டவருக்கு வேலை கிடைக்கும்" என்பதே அன்று சொன்ன காரணம். கிடைத்ததா? அவர்கள் போன பிறகு, மிஞ்சிய நம் கூலி இரட்டிப்பாயிற்றா? இல்லை. தோட்டத்திலே குத்தகைக்காரர் நுழைந்தார். 1970களிலும் 1980களிலும் இந்தோனேசியாவிலிருந்து ஆட்கள் படகேறி வந்தார்கள். 1984ல் மேடானில் இரு நாட்டு சர்க்காரும் ஒப்பந்தம் செய்துகொண்டு, தோட்டங்களுக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் கொண்டு வர வழி செய்தன. பிறகு வங்காளதேசம், பிறகு நேப்பாளம். ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புப் பேட்டைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்துச் சனங்கள் பட்டணத்தோரம் ஒதுங்கினார்கள்.

ஆக, ஒரு கூட்டம் அந்நியரை அனுப்பிய முதலாளிமார், இன்னொரு கூட்டம் அந்நியரை அழைத்துக்கொண்டார்கள். ஆள் மாறிற்று, ஏற்பாடு மாறவில்லை.

இலங்கையைப் பாருங்கள். தேயிலை மலைகளில் உழைத்த நம் சகோதரர்களின் குடியுரிமையை 1948ல் ஒரு சட்டம் பறித்தது. 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று! மனிதரைத் தேயிலைப் பெட்டிபோல் எண்ணிப் பங்கிட்டார்கள். அத்தனை பேரைக் கப்பலேற்றிய பிறகும் மலைநாட்டுத் தொழிலாளியின் கூலிப் போராட்டம் இன்றுவரை முடிந்தபாடில்லை.

செக்ரோல் சொல்லும் கணக்கு

"அது பழைய கதை. இன்றைய கதி என்ன? அந்நியத் தொழிலாளி வந்ததால் என் வயிற்றில் அடி விழுகிறதா, இல்லையா?" என்று இளைஞர் கேட்பார். நியாயமான கேள்வி. நேராகவே பதில் சொல்வோம். விழுகிறது. ஆனால் அடிப்பது யார் கை என்று பார்க்க வேண்டும்.

கிராணித் தோழர்களே, பேனாவை எடுங்கள். 2025ம் ஆண்டு பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. சட்டப்படி இது பிரஜைக்கும் உண்டு, தோட்டத்திலும் ஆலையிலும் உழைக்கும் அந்நியத் தொழிலாளிக்கும் உண்டு. சம்பளம் ஒன்றுதான். அப்படியானால் முதலாளி ஏன் அந்நியரை விரும்புகிறார்?

உள்ளூர்த் தொழிலாளிக்கு முதலாளி தம் பங்காகச் சேமநிதியில் 13 விழுக்காடு கட்ட வேண்டும். 1,700 வெள்ளிக்கு அது மாதம் 221 வெள்ளி. அந்நியத் தொழிலாளிக்கோ, 2025 அக்டோபர் வரை சேமநிதி கட்டாயமே இல்லை. அந்த மாதச் சம்பளத்திலிருந்துதான் முதலாளி 2 விழுக்காடு கட்ட வேண்டும் என்று விதி வந்தது. அது மாதம் 34 வெள்ளி. இதனோடு சர்க்காருக்குக் கட்டும் லெவி வரியைச் சேருங்கள். தோட்டத் துறைக்கு ஆண்டுக்கு 640 வெள்ளி என்ற கணக்கில் மாதம் 53 வெள்ளி சொச்சம். ஆலைத் தொழிலுக்கு ஆண்டுக்கு 1,850 வெள்ளி. மாதம் 154 வெள்ளி சொச்சம். கூட்டிப் பார்த்தால், தோட்டத்தில் அந்நியத் தொழிலாளிக்குச் சம்பளத்துக்கு மேல் 87 வெள்ளி. உள்ளூர்த் தொழிலாளிக்கு 221 வெள்ளி. ஆலையில் 188க்கு 221.

கொட்டகைச் செலவு, பயணச் செலவு இதில் சேரவில்லை என்று முதலாளிமார் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பயணச் செலவைப் பெரும்பாலும் யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதை அந்தத் தொழிலாளியைக் கேட்டால் தெரியும். ஊரில் நிலத்தை விற்று, வட்டிக்கு வாங்கி, ஏஜெண்டு கையில் கொட்டிவிட்டு வருகிறான் அவன்.

கணக்கில் ஏறாத இன்னொரு லாபமும் முதலாளிக்கு உண்டு. அதுதான் பெரிய லாபம். உள்ளூர்த் தொழிலாளிக்கு வேலை பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஆலைக்குப் போவான். யூனியனுக்குப் போவான். லேபர் ஆபீஸில் புகார் எழுதுவான். அந்நியத் தொழிலாளியின் பெர்மிட்டில் ஒரே முதலாளியின் பெயர்தான் இருக்கிறது. அந்த முதலாளியை விட்டு வெளியே கால் வைத்தால் அவன் "சட்டவிரோதக் குடியேறி". பாஸ்போர்ட்டைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிக்கொள்வதும் நடக்கிறது. அது சட்டப்படி குற்றம் என்றாலும் நடக்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வா என்றால் வருகிறான். பன்னிரண்டு மணி நேரம் நில் என்றால் நிற்கிறான். நம் இளைஞரின் ஓவர்டைம் போனதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. வாய் திறக்க முடியாத ஆள் கிடைக்கும்போது, வாய் திறக்கக்கூடிய ஆள் எதற்கு?

சஞ்சிக்கூலியைக் கட்டிய கயிறு இது இல்லையா? அன்று தோட்டத்தை விட்டு ஓடியவனை ஓடுகாலி என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். இன்று ஓடியவனைப் பெர்மிட் இல்லாதவன் என்று பிடித்து முகாமில் அடைக்கிறார்கள். அன்று கங்காணியின் கடன் புத்தகம். இன்று ஏஜெண்டின் கடன். பெயர்தான் வேறு.

சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம். 2023ம் ஆண்டு டிசம்பரில் ஜொகூர் மாநிலத்துப் பெங்கேராங்கில் 171 வங்காளதேசத் தொழிலாளர்கள் போலீஸ் நிலையத்துக்கு நடந்தே போனார்கள். பணம் கட்டி, பெர்மிட்டோடு, முறையாக வந்தவர்கள். மாதக் கணக்கில் வேலையே கொடுக்கப்படவில்லை. புகார் எழுதப் போனவர்களையே பிடித்து வைத்தார்கள்! 2020ல் அமெரிக்க சர்க்கார், கட்டாய உழைப்பின் அடையாளங்கள் இருப்பதாகச் சொல்லி, நம் நாட்டின் இரண்டு பெரிய தோட்ட நிறுவனங்களின் செம்பனை எண்ணெய்யைத் தன் துறைமுகத்தில் இறக்க மறுத்தது. அதன் பிறகுதான், வேலைக்கு வரத் தொழிலாளர் கட்டிய ஏஜெண்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சே எழுந்தது. அடிமைப்படுத்திச் சேர்த்த லாபம் கடைசியில் நாட்டின் வாணிபத்தையே கடிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நிபுணர் சொல்வது என்ன?

உலக வங்கி 2015ல் நம் நாட்டு அந்நியத் தொழிலாளரைப் பற்றி ஓர் ஆராய்ச்சி அறிக்கை வெளியிட்டது. அந்நியத் தொழிலாளர் 10 விழுக்காடு கூடினால் நாட்டின் மொத்த உற்பத்தி 1 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடுகிறது என்றது. மலேசியர்களின் சராசரிச் சம்பளம் குறையவில்லை, அணுவளவு கூடுகிறது என்றது. இதைக் காட்டி முதலாளிமார் "பார்த்தீர்களா!" என்பார்கள். ஆனால் அதே அறிக்கை இன்னும் இரண்டு விஷயம் சொல்லிற்று. கல்வி குறைந்த மலேசியரின் சம்பளம் சிறிதளவு, 1 விழுக்காட்டுக்கும் குறைவாக, இறங்குகிறது. முன்பே இங்கே வந்திருந்த அந்நியத் தொழிலாளரின் சம்பளமோ ஏறத்தாழ 4 விழுக்காடு இறங்குகிறது.

இதன் பொருள் என்ன? கூட்டிப் பெருக்கினால் நாட்டுக்கு லாபம். லாபம் மேலே போகிறது. நஷ்டம் அடிமட்டத்தில், உளி பிடிக்கிறவன், மூட்டை தூக்குகிறவன் தலையில் விழுகிறது. எல்லாரையும்விடப் பலமான அடி, நேற்று வந்த அந்நியனுக்கு இன்று வந்த அந்நியனால் விழுகிறது. ஆகவே "அந்நியரால் நாடு கெட்டது" என்பதும் முழு உண்மையல்ல. "ஒருவருக்கும் நஷ்டமில்லை" என்பதும் முழு உண்மையல்ல. கல்வியில்லாத நம் பிள்ளையும், கடலைக் கடந்து வந்த அவனும் ஒரே தராசுத் தட்டில் நிற்கிறார்கள் என்பதே உண்மை.

மூன்று பேச்சுக்கு மூன்று பதில்

"உள்ளூர்க்காரனுக்கு அழுக்கு வேலை பிடிக்காது, சோம்பேறி" என்று முதலாளிமார் சொல்கிறார்கள். இந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, கொசுவுக்கும் அட்டைக்கும் நடுவே மங்கு மங்காகப் பால் சேர்த்தவர் பிள்ளைகளா சோம்பேறிகள்? நம் இளைஞர்கள் ஆயிரக் கணக்கில் ஜொகூர்ப் பாலம் கடந்து சிங்கப்பூரிலே போய் என்ன வேலை செய்கிறார்கள்? குப்பை அள்ளவில்லையா? கப்பல் பட்டறையில் வேகவில்லையா? அதே அழுக்கு வேலைதான், கூலிதான் வேறு. வேலையை வெறுக்கவில்லை ஐயா, அதற்குக் கொடுக்கும் கூலியை வெறுக்கிறார்கள்!

இதிலே நமக்கும் ஒரு பாடம் உண்டு. சிங்கப்பூரில் நம் பிள்ளை அந்நியத் தொழிலாளி. அங்கே அவனை எப்படி நடத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறோமோ, அப்படித்தானே இங்கே வந்தவனை நடத்த வேண்டும்?

"அவன் சம்பாதிப்பதையெல்லாம் ஊருக்கு அனுப்புகிறான்" என்று நம்மவரே சொல்கிறார்கள். நம் தாத்தா என்ன செய்தார்? சம்பளம் போட்டதும் ஊருக்கு மணியார்டர் அனுப்பக் கிராணியிடம் விலாசம் எழுதிக்கேட்டு நின்றவர்தாமே அவர்? தங்கையின் தாலிக்கும், தகப்பன் வைத்த கடனுக்கும் அனுப்பினார். அவர் உழைப்பில் எழுந்த ரப்பரால் 1980களின் இறுதிவரை இந்நாடு உலகிலேயே முதல் உற்பத்தி நாடாக நின்றது. அனுப்பியது சொற்பம், விட்டுச்சென்றது ஒரு நாடு.

"அவர்கள் ஊரைக் கெடுக்கிறார்கள், ஒரு வீட்டில் இருபது பேர் அடைந்து கிடக்கிறார்கள்" என்பது மூன்றாவது பேச்சு. குற்றம் செய்தவனை, எந்த ஊரானாயினும், சட்டம் தண்டிக்கட்டும். அதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் இருபது பேர் ஓர் அறையில் கிடக்க ஆசைப்பட்டா கிடக்கிறார்கள்? லயத்து அறையில் இரண்டு குடும்பம் சாக்குத் திரை கட்டி வாழ்ந்ததை நாம் மறந்துவிட்டோமா? அன்று நம்மைப் பார்த்தும் "அழுக்கர்கள், கள்ளுக் குடியர்கள்" என்றுதான் சொன்னார்கள்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நம் பாட்டிமார் குடும்பத்தோடு வந்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று அன்றைய தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. தமிழ்ப் பள்ளி எழுந்தது, கோயில் எழுந்தது, நாம் வேர் விட்டோம். இன்று வருகிறவன் மனைவியைக் கூட்டி வர முடியாது; இங்கே கல்யாணம் செய்துகொள்ளவும் கூடாது. வேரில்லாத மரமாக நிறுத்திவிட்டு, நிழல் தரவில்லை என்று குறை சொல்லலாமா?

வந்தவர் ஊரைக் கெடுப்பார் என்போர், மலாக்கா காஜா பேராங்கிலுள்ள செட்டி சமூகத்தைப் போய்ப் பார்க்கட்டும். சுல்தான்கள் காலத்திலேயே வாணிபத்துக்கு வந்து தங்கிய தமிழர் வழி வந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. இந்த மண்ணும் கெடவில்லை; அவர்கள் சாமியும் கோபிக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

கதவை அகலத் திறந்து விடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வரைமுறையின்றி ஆள் இறக்கினால் கூலி ஏறாது என்பதை நம் தாத்தா அனுபவித்தே படித்தார். சர்க்கார் தன் 13ம் மலேசியத் திட்டத்தில், 2030க்குள் அந்நியத் தொழிலாளரை மொத்தத் தொழிலாளரில் 10 விழுக்காட்டுக்குக் குறைப்பதாகச் சொல்கிறது. குறைக்கட்டும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் குறைத்து ஏற்பாட்டை அப்படியே விட்டால், 1969ல் நடந்ததே மறுபடி நடக்கும். இவன் போவான், இன்னொருவன் வருவான். நாம் வேண்டுவன இவை:

ஒன்று. ஒரே வேலைக்கு ஒரே சம்பளம், ஒரே சேமநிதி. அந்நியனுக்கு 2, நமக்கு 13 என்ற வித்தியாசம் இருக்கும்வரை, நம்மை வேலைக்கு வைப்பதற்கு முதலாளிக்கு அபராதம் போட்டதுபோலத்தான். அவனுக்கும் 13 கட்டச் சொல்லுங்கள். பிறகு எத்தனை முதலாளிமார் கடல் கடந்து ஆள் தேடுகிறார்கள், பார்ப்போம்!

இரண்டு. பெர்மிட்டில் முதலாளி பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது ஒழிய வேண்டும். அதே துறையில் வேறு முதலாளியிடம் போக அவனுக்கு உரிமை வேண்டும். போகத் தெரிந்தவனை யாரும் ஏய்க்க முடியாது.

மூன்று. குத்தகைக்காரர் ஒழிய வேண்டும். யார் மரத்தில் பால் வெட்டுகிறானோ, யார் பனையில் குலை தள்ளுகிறானோ, அந்தத் தோட்டத்தின் செக்ரோலில் அவன் பெயர் ஏற வேண்டும். ஏஜெண்டுப் பணம் ஒரு காசுகூடத் தொழிலாளி தலையில் விழக்கூடாது. 2018 முதல் லெவியை முதலாளியே கட்ட வேண்டும் என்று விதி வந்தது. பயணச் செலவுக்கும் அதே நியாயம்தான்.

நான்கு. இந்த மண்ணிலேயே வாழ்ந்து மூப்படைந்தும் சிவப்புக் கார்டோடு நிற்கும் நம் முதியோரின் குடியுரிமையைச் சர்க்கார் தாமதமின்றித் தீர்க்க வேண்டும். கிளைகள் தோறும் பெயர் எடுப்போம். மனு எழுதிக்கொடுக்கக் கிராணித் தோழர்கள் முன்வர வேண்டும்.

ஐந்தாவது, சர்க்காரிடமோ முதலாளியிடமோ கேட்க வேண்டியதல்ல. நாமே செய்ய வேண்டியது. அந்நியத் தொழிலாளி யூனியனில் அங்கம் சேருவதைச் சட்டம் தடுக்கவில்லை. தடுப்பது பயம். அவனுக்கு முதலாளியிடம் பயம். நமக்கு அவனிடம் கூச்சம். பாஷை தெரியாது என்பது ஒரு சாக்கு. அவன் ஆறு மாதத்தில் மலாய் பேசுகிறான். நமக்கும் மலாய் தெரியும். அப்புறம் என்ன?

நம் சங்கக்காரர் முன்பு பாடுபட்டுப் பெற்றவை வீணாகவில்லை. தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் என்று 1990ல் வந்த தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், 2020 முதல் எல்லாத் துறை அந்நியத் தொழிலாளருக்கும் கூரை தேடிக் கொடுக்கிறது. 2019 முதல் வேலையில் கை ஒடிந்தால் பெர்கேசோ அவனுக்கும் உண்டு. அவன் மேலேறினால் நம்மை இடித்துத் தள்ளமாட்டான். அவன் கீழே கிடந்தால்தான் நம்மையும் காலைப் பிடித்து இழுப்பான். குழியில் கிடப்பவனைத் தூக்கிவிடுவது தர்மத்துக்காக மட்டுமல்ல, தோழர்களே, நம் கூலிக்காகவும்தான்!

அன்று மாலை அந்தக் கடையில் இன்னும் ஒரு சங்கதி நடந்தது. இளைஞர் எழுந்து போகும்போது, தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அந்நியப் பையனைப் பெரியவர் கூப்பிட்டார். "தம்பி, சாப்பிட்டியா?" என்று மலாயில் கேட்டார். பையன் சிரித்துக்கொண்டே இல்லையென்று தலையாட்டினான். மணி அப்போது ஏழரை. காலை ஆறு மணியிலிருந்து நிற்கிறானாம். இளைஞர் வாசலில் நின்று இதைக் கேட்டார். "பன்னெண்டு மணி நேரத்துக்கு மேலயா? ஓவர்டைம் கொடுக்கிறாங்களா?" என்று அவனிடமே கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை. கல்லாப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

பழிக்க வேண்டியது யாரை என்பதை அந்தப் பார்வை சொல்லிவிட்டது. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, தோழர்களே, தனியாக வராதீர்கள். உங்கள் நிரைக்குப் பக்கத்து நிரையில் நிற்கிறவனையும், உங்கள் மெஷினுக்குப் பக்கத்து மெஷினில் நிற்கிறவனையும் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.

ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!